குச்சி இல்லாத பெட்டி: சண்டை விளையாட்டுக்கு ஆல்-பட்டன் கன்ட்ரோலர் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

"மாமா, இதுல குச்சியக் காணோமே, ஒடஞ்சு போச்சா?"

என் அக்கா மகன் அந்தப் பெட்டியை முதன்முதலாகப் பார்த்தபோது கேட்ட கேள்வி இது. அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. இடது கைக்கு நான்கு பட்டன், வலது கைக்கு எட்டுப் பட்டன், அவ்வளவுதான். ஆட்டுவதற்குக் குச்சி (ஜாய்ஸ்டிக்) கிடையாது, பேடில், அதாவது இரண்டு கையிலும் பிடித்து விளையாடும் சாதாரணக் கன்ட்ரோலரில், உள்ளதுபோல் கட்டைவிரலுக்குச் சிலுவைக் குறியும் கிடையாது. முன்னே போக ஒரு பட்டன், பின்னே வர ஒரு பட்டன், குனிய ஒன்று, குதிக்க ஒன்று. வீடியோ கேம் சண்டைகளில் பாத்திரத்தை ஆட்டிவைக்கும் இந்தப் பெட்டியைத்தான் லீவர்லெஸ், ஆல்-பட்டன் என்கிறார்கள். 2010-களின் தொடக்கத்திலேயே இதை விற்க ஆரம்பித்த அமெரிக்க நிறுவனத்தின் பெயரை வைத்துப் பலர் எல்லாவற்றையுமே ஹிட்பாக்ஸ் என்று சொல்லிவிடுகிறார்கள்.

நான் குச்சியில் வளர்ந்தவன். 90-களில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் சாட்ஸ்வொர்த்தில் டீரூம் என்றால் பாலும் ரொட்டியும் விற்கும் மூலைக் கடை. அதன் உள்மூலையில் நியோ ஜியோ என்ற, காசு போட்டு விளையாடும் மெஷின் நிற்கும், அதில் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் என்ற சண்டை விளையாட்டு ஓடும். அடுத்த ஆட்டம் தனக்கு வேண்டுமென்றால் காசைத் திரைக்குக் கீழே வரிசையில் வைத்துவிட்டு நிற்க வேண்டும். ரொட்டி வாங்கப் போனவன் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி ஆயாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் உண்டு. இருபது வருடம் கழித்து பேடில் விளையாட ஆரம்பித்தபோது இடது கட்டைவிரல் அடிமூட்டில் வலி பிடித்துக்கொண்டது. பெட்டியை மாற்ற எனக்கு அதுதான் காரணம். நன்றாக விளையாட வேண்டும் என்ற ஆசையெல்லாம் அப்புறம் வந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு வரும் உறவுப் பிள்ளைகளோடு நான்கு ஆட்டம் போடுவதுதான் உங்கள் விளையாட்டு என்றால் இது தேவையில்லை, இருக்கிற பேடே போதும். வாரத்தில் நான்கைந்து நாள் உட்கார்ந்து ஸ்ட்ரீட் ஃபைட்டரோ டெக்கனோ விளையாடுகிறவர்களுக்கு, அதிலும் விரல் வலிக்கிறவர்களுக்கு, மேலே படிக்கலாம்.

படி 1: பெட்டியைப் பார்க்கும் முன் கையைப் பாருங்கள்

எல்லோரும் முதலில் படத்தைப் பார்த்து மயங்குகிறார்கள். மேலே என்ன ஓவியம், விளக்கு எரியுமா, எத்தனை நிறம் என்று கேட்கிறார்கள். உங்கள் கை அந்தப் பட்டன்களின் மேல் இயல்பாக விழுகிறதா என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைக் கண்டுபிடிக்கக் காசு செலவு செய்யவும் வேண்டியதில்லை.

பெரும்பாலான மாடல்களுக்குப் பட்டன் அமைப்பின் வரைபடம் கிடைக்கும். அதை நூறு சதவீத அளவில் அச்சிடுங்கள். ஏ4 தாளில் அடங்காவிட்டால் இரண்டு தாள்களை ஒட்டிக்கொள்ளுங்கள். அச்சு சரியான அளவில் வந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள், வட்டம் 24 மி.மீ. என்றால் 24-ஆகவே இருக்க வேண்டும். பிறகு அதை ஒரு பழைய ஓட்ஸ் பெட்டி அட்டையில் ஒட்டி, அட்டையை ஒரு தட்டின் மேல் வைத்து, தட்டை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஆயா ரொட்டி தேய்க்கும் பலகையை எடுத்தேன். மாவு ஒட்டியிருந்ததால் கொஞ்சம் திட்டும் கிடைத்தது.

இப்போது இடது கை. மோதிர விரல் 'இடம்', நடுவிரல் 'கீழ்', ஆள்காட்டி விரல் 'வலம்'. குதிப்பதற்கான 'மேல்' பட்டன் கீழே நடுவில், கட்டைவிரலுக்கு. வழக்கமான அமைப்பில் இந்த ஒரு பட்டன் மட்டும் 30 மி.மீ., மற்றவை 24 மி.மீ. இரண்டு கட்டைவிரல்களில் எதனாலும் அதைத் தொட முடிய வேண்டும். வலது கையின் நான்கு விரல்கள் மேல் வரிசை நான்கிலும், அப்படியே சற்றுக் கீழிறங்கி அடுத்த வரிசை நான்கிலும் விழ வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் தட்டுங்கள். மிருதங்கம் கற்றவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். மணிக்கட்டு அசையாமல் விரல் மட்டும் விழ வேண்டும். சுண்டுவிரல் நீட்டி வலித்தால் அந்த அமைப்பு உங்களுக்கு அகலம். விரல்கள் ஒன்றையொன்று இடித்தால் குறுகல். என் அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயது. அவன் கைக்கு வழக்கமான முழு அளவு ஒத்துவரவில்லை, பட்டன்கள் நெருங்கிய சின்னப் பெட்டிதான் சரியாக இருந்தது. அட்டை இல்லாவிட்டால் இது தெரியாமலே பெரிய பெட்டியை வாங்கியிருப்பேன்.

எத்தனை பட்டன் வேண்டும் என்பதும் இங்கேயே முடிவாகிவிடும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்குக் குத்து மூன்று, உதை மூன்று, மீதி இரண்டில் டிரைவ் பேரி என்ற தடுப்பும் டிரைவ் இம்பாக்ட் என்ற தாக்குதலும். எட்டும் சரியாகிவிட்டது. டெக்கன் 8 கை இரண்டு, கால் இரண்டு என்ற கணக்கு, அதற்கு எட்டே தாராளம். இப்போது வரும் பெட்டிகளில் கட்டைவிரல் அருகே, சுண்டுவிரல் அருகே என்று கூடுதல் பட்டன்கள் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது 'மேல்' பட்டனை இடது சுண்டுவிரலுக்கு வைத்துக்கொள்வது சிலருக்குப் பிடிக்கும். எனக்கு அது தவறுதலாக அழுந்திக் குதித்துக்கொண்டே இருந்ததால் செட்டிங்கில் அணைத்துவிட்டேன். முதல் பெட்டிக்குக் கூடுதல் பட்டனுக்காகக் காசு கொடுக்காதீர்கள்.

படி 2: எந்த மெஷினில் விளையாடுகிறீர்கள்?

இதில் தப்பினால் மற்ற எதுவும் உதவாது.

பிசி என்றால் கவலையே இல்லை, கிட்டத்தட்ட எந்தப் பெட்டியும் வேலை செய்யும். நின்டெண்டோ ஸ்விட்சும் தாராள மனசுக்காரன். வம்பு பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும்தான்.

பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) தன்னோடு பேசும் கன்ட்ரோலர் சோனியிடம் உரிமம் பெற்றதா என்று சோதித்துக்கொண்டே இருக்கும். ரேசர் கிட்சுனே, விக்ட்ரிக்ஸ் எஃப்எஸ்-12, ஹோரியின் நோல்வா போன்றவை உரிமம் பெற்றவை. செருகினால் ஓடும், ஆனால் விலையும் அதற்கேற்றபடி. கிட்சுனே வெளிவந்தபோது 299.99 டாலர். உரிமம் இல்லாத மலிவுப் பெட்டிகள் பலவற்றில் ஜிபி2040-சிஇ என்ற இலவச ஃபர்ம்வேர், அதாவது பெட்டிக்குள்ளேயே ஓடும் மென்பொருள், இருக்கும். ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சின்னக் கணினிப் பலகையில் இருக்கிற சிப்புக்காக ஆர்வலர்கள் சேர்ந்து எழுதியது. விளையாட்டுக்கு அருமையானது, ஆனால் உரிமத்தை நிரூபிக்கும் சோனியின் ரகசியச் சாவி அதனிடம் கிடையாது. அதனால் பிஎஸ்4 கன்ட்ரோலராகக் காட்டிக்கொள்ளும் முறையில் அதைத் தனியாகச் செருகினால் எட்டு நிமிடத்தில் தொடர்பு அறுந்துவிடும். ஆட்டத்தின் மூன்றாவது ரவுண்டில், எதிராளிக்கு ஒரு துளி உயிர் மிச்சமிருக்கும்போது அறுந்தால் வருகிற கோபத்தை நான் அனுபவித்திருக்கிறேன்.

இதற்கு வழி உண்டு. புரூக் விங்மேன் எஃப்ஜிசி மாதிரியான ஒரு சின்ன அடாப்டரை நடுவில் செருகினால் அது சோனிக்குப் பதில் சொல்லிக்கொள்ளும். சில பெட்டிகளில் இதற்கென்றே இரண்டாவது யூ.எஸ்.பி. துளை இருக்கும். ஆனால் கன்சோலுக்குப் புது அப்டேட் வரும்போது அடாப்டரும் அப்டேட் கேட்கலாம், போட்டிக்கு முந்தின இரவு கன்சோலை அப்டேட் செய்யாதீர்கள். இன்னொரு செய்தி: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இன் பிஎஸ்5 பதிப்பு பிஎஸ்4 கால ஆர்கேட் ஸ்டிக் வகைப் பெட்டிகளையும் ஏற்றுக்கொள்ளும். அதனால் யாராவது உரிமம் பெற்ற பழைய பிஎஸ்4 பெட்டியை விற்றால் உடனே ஒதுக்கிவிட வேண்டாம். உங்கள் விளையாட்டு அதை ஏற்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்பாக்ஸ் இன்னும் கறார். 2023 நவம்பரிலிருந்து அங்கீகாரம் இல்லாத கருவிகளை மைக்ரோசாஃப்ட் தடுக்க ஆரம்பித்துவிட்டது. எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் பெட்டியின் அட்டையில் எக்ஸ்பாக்ஸ் உரிமம் என்று அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். விற்பவர் "எல்லாத்துலயும் ஓடும்" என்று சொன்னால், எதில் ஓட்டிப் பார்த்தார் என்று திருப்பிக் கேளுங்கள்.

படி 3: இடமும் வலமும் சேர்ந்து அழுந்தினால்?

ஆல்-பட்டன் பெட்டியின் சூட்சுமமே இங்குதான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

குச்சி ஒரே நேரத்தில் இடப்பக்கமும் வலப்பக்கமும் சாயாது. பட்டன்களுக்கு அந்தத் தடை இல்லை. இரண்டு விரலும் இருக்கின்றன, இரண்டையும் அழுத்தலாம். அப்போது பெட்டி விளையாட்டுக்கு என்ன சொல்ல வேண்டும்? இதை முடிவு செய்யும் விதியைத்தான் எஸ்ஓசிடி என்கிறார்கள். எதிரெதிர்த் திசைகள் மோதும்போது யார் ஜெயிப்பது என்ற பஞ்சாயத்து.

ஸ்ட்ரீட் ஃபைட்டரில் வரும் கைல் என்ற பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். சோனிக் பூம் என்ற தாக்குதலை எறிய அவர் சிறிது நேரம் பின்பக்கத் திசையைப் பிடித்து வைத்திருந்து, பிறகு முன்பக்கம் தட்டிக் குத்த வேண்டும். குச்சியில் கை இப்பக்கத்திலிருந்து அப்பக்கம் போய் மீண்டும் திரும்ப வேண்டும். பெட்டியில் 'பிந்தியது வெல்லும்' விதி, அதாவது கடைசியாக அழுத்திய பட்டனே செல்லும் என்ற விதி, இருந்தால், வலப்பக்கம் பார்த்து நிற்கும் கைலுக்கு 'இடம்' பட்டனை விடவே வேண்டாம். இடத்தைப் பிடித்தபடியே வலத்தை ஒரு தட்டுத் தட்டினால் வலம் போகும், விரலை எடுத்த நொடியே மறுபடி இடம். அதாவது அடுத்த சோனிக் பூமுக்கான சேமிப்பு உடனே தொடங்கிவிடும். குச்சிக்காரருக்குக் கிடைக்காத சலுகை இது.

'நடுநிலை' விதியில் இரண்டும் அழுந்தினால் எதுவும் இல்லை. இடத்தை விட்டுவிட்டுத்தான் வலத்தை அழுத்த வேண்டும். விடாமல் அழுத்தினால் கைல் சும்மா ஒரு குத்து விட்டுவிட்டு எதிராளியின் உதையை வாங்குவார். புதிதாக வருகிறவர்கள் "பட்டன் வேலை செய்யலை" என்று புலம்புவது பெரும்பாலும் இதனால்தான்.

மேலும் கீழும் சேர்ந்தால்? ஹிட் பாக்ஸ் நிறுவனம் நெடுங்காலம் 'மேல் வெல்லும்' என்று வைத்திருந்தது. குனிந்தபடியே கட்டைவிரலால் மேல் தட்டி, கைலின் மேல்நோக்கிய உதையைப் போட்டுவிட்டு உடனே குனிந்த நிலைக்குத் திரும்பலாம்.

இந்தச் சலுகைகளால்தான் பெரிய போட்டிகளில் சண்டை எழுந்தது. 2019-இல் ஜப்பானின் பிரபல ஆட்டக்காரர் டைகோ உமெஹரா காஃப்ரோபாக்ஸ் என்ற பெட்டியைக் கொண்டுவந்தபோது, ஸ்ட்ரீட் ஃபைட்டரை உருவாக்கும் கேப்காம் நிறுவனத்தின் போட்டித் தொடரான கேப்காம் புரோ டூரில் அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. 2023-இல் கேப்காம் தன் டூர் விதிகளில், இடம்-வலம் மோதும்போது பிந்தியது வெல்லும் முறை கூடாது என்று எழுதிவிட்டது.

ஆக, நீங்கள் செய்ய வேண்டியது: வாங்கும் பெட்டியில் இந்த விதியை மாற்ற முடிய வேண்டும். இடம்-வலம் நடுநிலை, மேல்-கீழ் நடுநிலை என்று வைத்து, முதல் நாளிலிருந்தே அப்படியே பழகுங்கள். வீட்டில் ஒரு விதி, போட்டியில் ஒரு விதி என்றால் விரல் குழம்பும். விரல் ஒருமுறை கற்றதை மறக்க வைப்பது, புதிதாகக் கற்பிப்பதைவிட மூன்று மடங்கு பாடு. இதை மாற்றவே முடியாது, எந்த விதி என்றும் விற்பவர் சொல்லவில்லை என்றால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

படி 4: பட்டனா, கீபோர்டு சுவிட்சா?

இரண்டு குடும்பம் உண்டு.

ஒன்று பழைய ஆர்கேட் குடும்பம். ஜப்பானின் சன்வா, செய்மிட்சு நிறுவனங்களின் உருண்டைப் பட்டன்கள், 24 அல்லது 30 மி.மீ. டீரூம் மெஷினில் தட்டிய அதே உணர்வு. ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் இரண்டு கம்பி. பழுதானால் பின்பக்கத்தைத் திறந்து, கம்பியை இழுத்து, பட்டனை அமுக்கி வெளியே எடுத்து, புதியதைச் செருகலாம். சால்டரிங் வேண்டாம். ஆனால் பெட்டி தடிமனாக இருக்கும், மணிக்கட்டு சற்று உயரும்.

இன்னொன்று கீபோர்டு குடும்பம். கெய்ல் சோக் என்ற தட்டையான சுவிட்சை வைத்து, பெட்டியையே ஒரு நோட்டுப் புத்தகத் தடிமனுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஹாட்42 போன்ற சீனப் பெட்டிகள் இந்த வகை. சோக் சுவிட்ச் முழுதாக இறங்குவது 3 மி.மீ., அதில் 1.5 மி.மீ. இறங்கியதுமே அழுத்தம் பதிவாகிவிடும். சாதாரண மெக்கானிக்கல் கீபோர்டில் இது 4, 2. கணக்கில் சின்ன வித்தியாசம்தான். ஆனால் ஒரு சண்டை விளையாட்டில் ஒரு ஃபிரேம் என்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கு, ஏறத்தாழ 16.7 மில்லிசெகண்டு. விரல் குறைவாக இறங்கி ஏறினால் அடுத்த தட்டுக்குச் சீக்கிரம் தயாராகிவிடும்.

சுவிட்சின் எடையைப் பற்றி என் கருத்து: 50 கிராம் அளவில் ஆரம்பியுங்கள். 20 கிராம் சுவிட்ச் கேட்க ஆசையாக இருக்கும், ஆனால் விரல் ஓய்வாக மேலே கிடந்தாலே அழுந்திவிடும். நான் போட்டுப் பார்த்து இரண்டு வாரத்தில் கழற்றினேன். என் பாத்திரம் காரணமே இல்லாமல் குனிந்து குனிந்து எழுந்தது, பூஜையில் நிற்கிற மாதிரி.

சுவிட்சைக் கையாலேயே மாற்றக்கூடிய ஹாட்-ஸ்வாப் பலகை உள்ளதா என்று பாருங்கள். சோக் முதல் பதிப்பின் கால்களும் இரண்டாம் பதிப்பின் கால்களும் ஒன்றல்ல, உங்கள் பலகை எதை ஏற்கும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். செருகும்போது கால் மடங்கினால் சாமணத்தால் மெதுவாக நிமிர்த்திவிட்டு மறுபடி செருகலாம். அவசரப்பட்டு அமுக்கினால் பலகையின் சாக்கெட்டே பெயர்ந்து வரும்.

சத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகள் பல 60-களில் கட்டிய ஒட்டு வீடுகள், நடுச்சுவர் ஒன்றுதான். இரவு பதினொன்றுக்கு நான் சன்வா பட்டனைத் தட்டியது அந்தப் பக்கத்து அக்காவுக்கு மழை பெய்கிற மாதிரி கேட்டதாம். காலையில் சிரித்துக்கொண்டுதான் சொன்னார், இருந்தாலும் சொன்னார். கிளிக் சத்தம் போடும் சுவிட்சைத் தவிருங்கள். சத்தமில்லாத வகைகள் இரண்டு குடும்பத்திலும் கிடைக்கின்றன. பெட்டிக்குள் மெல்லிய ஃபோம் தாள் வைத்தாலும் பாதி அடங்கும்.

படி 5: டர்பன் வெயிலும் கடல் காற்றும்

வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் அறிவுரைகளில் இது வராது.

என் முதல் பெட்டி முப்பரிமாண அச்சில் செய்தது. விற்றவர் யார் என்று சொல்லப்போவதில்லை, அவர் மேல் தப்பும் பெரிதாக இல்லை. பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக். தைப்பூசக் காவடி நாளில் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே நண்பன் வீட்டுக்குப் போகலாம் என்று காரின் பின்சீட்டில் பெட்டியை வைத்திருந்தேன். கோடை வெயில், கண்ணாடி எல்லாம் மூடியிருந்தது. நான்கு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் பெட்டியின் ஒரு மூலை அப்பளம்போல் வளைந்திருந்தது. மேசையில் வைத்தால் ஆடியது, ஓரத்து இரண்டு பட்டன்கள் அழுத்தியபடியே மாட்டிக்கொண்டன. பிஎல்ஏ 55, 60 டிகிரி செல்சியஸுக்கே இளக ஆரம்பித்துவிடும். மூடிய கார் வெயிலில் அந்தச் சூட்டைச் சுலபமாக எட்டும். அச்சிட்ட பெட்டிதான் வேண்டும் என்றால் ஏபிஎஸ் அல்லது ஏஎஸ்ஏ பிளாஸ்டிக்கில் கேளுங்கள். இல்லை, உலோகமோ அக்ரிலிக்கோ வாங்குங்கள். உலோகம் கனமாக இருந்தாலும் மடியில் நழுவாது. அக்ரிலிக் பார்க்க அழகு, திருகாணியை அளவுக்கு மேல் இறுக்கினால் விரிசல் விடும்.

அடுத்தது உப்புக் காற்று. டர்பனில் கடலையொட்டிய மெரிபேங்க், பிளஃப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், கேட் கீல் முதல் கத்தரிக்கோல் வரை எதையும் விடாது. ஆர்கேட் பட்டனின் கம்பி முனைகளில் பச்சை பூத்தால் ஒரு தட்டுக்குப் பதில் இரண்டு பதிவாகும், அல்லது ஒன்றுமே பதிவாகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பின்பக்கத்தைத் திறந்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிடுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தை எறியாமல் கன்ட்ரோலர் பையில் போட்டு வையுங்கள். அப்புறம், பன்னி சாவ் (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி ஊற்றித் தரும் எங்கள் ஊர்ச் சாப்பாடு) சாப்பிட்ட கையோடு பட்டனைத் தொடாதீர்கள். மட்டன் கறி எண்ணெய் பட்டன் ஓரத்தில் இறங்கினால் அது போகாது, வாசமும் போகாது.

பெட்டியைப் பார்க்கும்போது இன்னும் இரண்டைக் கவனியுங்கள். கேபிள் கழற்றக்கூடியதாக இருக்கட்டும், அறுந்தால் கேபிளோடு போகும். ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் ஆப்ஷன்ஸ் பட்டனைப் பூட்டும் வசதி இருக்கட்டும். போட்டியின் நடுவில் தவறி அழுந்தி ஆட்டம் நின்றால் அந்த ரவுண்டையே இழக்க நேரலாம்.

படி 6: விலையைக் கூட்டும் முறை

இங்கே கடைகளில் கிடைப்பது குறைவு. பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். திரையில் தெரியும் விலையை விலை என்று நினைக்காதீர்கள்.

தென்னாப்பிரிக்காவில் இறக்குமதிக்கு வாட் போடும்போது பொருளின் மதிப்போடு முதலில் பத்து சதவீதம் கூட்டுவார்கள், சுங்கத் தீர்வை ஏதாவது இருந்தால் அதையும் சேர்ப்பார்கள், அந்தத் தொகைக்குத்தான் 15 சதவீதம். 2,000 ரேண்ட் பெட்டி என்றால், தீர்வை எதுவும் இல்லாவிட்டாலும் 2,200-க்கு வாட் 330 ரேண்ட். இதற்கு மேல் கூரியர்காரர் தன் வேலைக்கு ஒரு கட்டணம் வைப்பார். வாங்குமுன் அது எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள், மலிவுப் பெட்டிக்கு அதுவே கசப்பாக இருக்கும். நண்பர்கள் இருவர் மூவர் சேர்ந்து வரவழைத்தால் அந்தச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

என் யோசனை: முதல் பெட்டி சின்னதாக, மலிவாக, ஹாட்-ஸ்வாப் உள்ளதாக இருக்கட்டும். மூன்று மாதம் விளையாடினால் உங்கள் கைக்கு எது குறை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு முந்நூறு டாலர் பெட்டிக்கு ஆசைப்பட்டால் அது தெளிவான ஆசை. பிஎஸ்5 மட்டும் வைத்திருப்பவர்கள் அடாப்டர் விலையையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், சில சமயம் உரிமம் பெற்ற பெட்டியே பரவாயில்லை என்று ஆகிவிடும்.

படி 7: பெட்டி வந்த அன்றும் அடுத்த இரண்டு வாரமும்

முதலில் பிசியில் செருகி ஒவ்வொரு பட்டனையும் தனித்தனியாக ஐம்பது முறை தட்டுங்கள். ஒரு தட்டு இரண்டாகப் பதிவானால் உடனே விற்றவருக்கு வீடியோ எடுத்து அனுப்புங்கள். ஜிபி2040-சிஇ பெட்டி என்றால், ஸ்டார்ட் பட்டனை அழுத்தியபடியே கேபிளைச் செருகி, பிரவுசரில் 192.168.7.1 என்று அடித்தால் செட்டிங் பக்கம் திறக்கும். இணையம் தேவையில்லை, அந்தப் பக்கம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. எஸ்ஓசிடியை நடுநிலைக்கு மாற்றிச் சேமித்துவிடுங்கள்.

பிறகு பயிற்சி அறைக்குப் போய், திரையில் திசைக் குறிகள் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் நடை மட்டும். முன்னே, பின்னே, குனி, குதி. சிரிக்காதீர்கள், கட்டைவிரலால் குதிப்பதுதான் இதில் மிகவும் கஷ்டம். மேலே போக வேண்டும் என்றால் விரலைக் கீழே அமுக்க வேண்டும், மூளை சம்மதிக்காது.

மூன்றாம் நாள் ஹடோக்கன், அதாவது கையிலிருந்து எறியும் ஒளிப்பந்து. நடுவிரலால் கீழ் அழுத்துங்கள். அதை விடாமல் ஆள்காட்டி விரலால் வலம். இப்போது கீழை விடுங்கள், வலம் மட்டும் நிற்கும். அந்தக் கணம் குத்து. திரையில் கீழ், கீழ்-வலம், வலம் என்று மூன்று குறிகள் வரிசையாக வர வேண்டும். நடுக்குறி வரவில்லை என்றால் கீழை அவசரமாக விட்டுவிட்டீர்கள்.

அடுத்து ஷொர்யுகென், மேலே எழும்பிக் குத்தும் அடி. குச்சியில் இதற்காக வியர்த்தவர்கள் பெட்டியில் நிம்மதியடைவார்கள். ஆள்காட்டி விரல் வலத்தை ஒரு தட்டு, விடுங்கள். நடுவிரல் கீழே இறங்கி அங்கேயே இருக்கட்டும். ஆள்காட்டி விரல் வலத்தை மறுபடி தட்ட, அதோடு குத்து. வலம், கீழ், கீழ்-வலம் வந்துவிட்டது. 'தக-தின்' என்று வாயால் சொல்லிக்கொண்டே பழகினேன். ஒரு நாளைக்கு இந்தப் பக்கம் நூறு, அந்தப் பக்கம் நூறு. பாத்திரம் திரையின் மறுபக்கம் போனதும் விரல்கள் இடம் மாறும். ஆள்காட்டி விரல் செய்ததை மோதிர விரல் செய்ய வேண்டும், அது சோம்பேறி விரல். அந்தப் பக்கத்துக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

2023-இல் லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது இரவில் இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம் மின்சாரம் இருக்காது. அந்த இருட்டில் கேபிள் செருகாத பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷொர்யுகென் தட்டுவேன். திரை இல்லாததால் ஜெயிக்கிறேனா தோற்கிறேனா என்ற கவலையும் இல்லை, விரலின் சத்தம் ஒரே சீராக இருக்கிறதா என்று மட்டும் காது பார்த்துக்கொண்டிருக்கும். அப்படித்தான் இடப்பக்கம் எனக்குச் சரியாயிற்று.

முதல் வாரம் ஆன்லைனில் தோற்றுக்கொண்டே இருப்பீர்கள். தரவரிசை ஆட்டம் வேண்டாம், சும்மா ஆட்டம் போடுங்கள். முன்கையில் மேல்பக்கம் வலித்தால் மணிக்கட்டு உயர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பெட்டியை மடியில் இன்னும் முட்டிப்பக்கம் தள்ளி வைத்துப் பாருங்கள். விரல் மூட்டே வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

பழைய பேடை மட்டும் விற்றுவிடாதீர்கள். அக்கா மகன் இப்போதெல்லாம் வந்ததும் நேராக என் பெட்டியைத்தான் எடுத்துக்கொள்கிறான். பேடு எனக்கு.